எல்லார் கையிலும் கேமரா இருக்கும்போது நிருபர் எதற்கு?

2025 ஜனவரி 12, ஞாயிறு

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் தெருவில் சாக்கடை உடைந்தால் பத்து நிமிடத்தில் வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது. கவுன்சிலர் பார்த்துவிட்டு ஓடி வருகிறார். பேப்பரில் அது மறுநாள் காலைதான் வரும், அதுவும் வந்தால்தான். இனி நிருபர் எதற்கு? ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்பதெல்லாம் பழைய பெருமைதானே?"

பாதியை ஒப்புக்கொள்கிறேன். உடைந்த சாக்கடையைக் காட்டுவதற்கு நிருபர் வேண்டாம். அதை அந்தத் தெருக்காரரே நன்றாகக் காட்டுகிறார். ஆனால் அந்தச் சாக்கடை யாருக்கு ஒப்பந்தமாகப் போனது, எத்தனை பேர் டெண்டர் போட்டார்கள், மதிப்பீடு எவ்வளவு, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார், பில் எந்த மாதம் பாஸானது? இவற்றில் எதையும் போன் கேமரா பிடிக்காது. சாக்கடை ஏன் உடைந்தது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்க டெஸ்க்கில் சில வருடங்கள் இருந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நகராட்சி மன்றக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் சத்தமாக இருக்கும். குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, எதிர்க்கட்சி வெளிநடப்பு. வெளிநடப்பைப் படம் பிடித்ததும் டிவி கேமராக்கள் கிளம்பிவிடும். அப்புறம்தான் அஜெண்டாவில் இருக்கும் ஐம்பது, அறுபது பொருள்களை எழுத்தர் வேகமாக வாசிப்பார். "ஆல் பாஸ்" என்று குரல் வரும். கடைசியில் மேஜை மேல் ஒரு தாள் வரும், டேபிள் அஜெண்டா. தலைவரின் முன் அனுமதியோடு ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளுக்கு மன்றத்தின் ஒப்புதல் கேட்கும் பொருள்கள் அதில்தான் இருக்கும். அதுவரை உட்கார்ந்திருக்கும் நிருபர் ஒருவர் இருந்தால் அந்த ஊருக்கு ஒரு பாதுகாப்பு. எங்கள் பக்கத்துக்கு வந்த நல்ல செய்திகளில் பல, கூட்டம் முடிந்து காபி கொடுத்த பிறகும் கிளம்பாமல் அந்தத் தாளை வாங்கிப் படித்தவர்கள் எழுதியவை.

2025 ஜனவரி 13, திங்கள்

நிருபர் இல்லாமல் போனால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்டிருந்தார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டி பெல் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 36,000. பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கூலி வேலை பார்க்கும் குடும்பங்கள். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீபும் ரூபன் வீவெஸும் ஒரு செய்தி எழுதினார்கள். அந்த ஊரின் நகர மேலாளர் ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறத்தாழ 7,87,000 டாலர் சம்பளம் வாங்கினார். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4,00,000 டாலர்தான். பகுதி நேர வேலையாக இருந்த கவுன்சிலர் பதவிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் முக்கியம். 2005இல் அந்த ஊர் தனக்கென்று தனிச் சாசனம் ஏற்படுத்திக்கொள்ளும் வாக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அது நிறைவேறினால் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பு பொருந்தாது. வாக்களிக்க வந்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. இதை விளக்கி எழுத அந்த ஊரில் செய்தியாளர் எவரும் இல்லை. மன்றக் கூட்டங்களுக்கும் யாரும் போகவில்லை. டைம்ஸ் நிருபர்களே பக்கத்து ஊரான மேவுட்டைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில்தான் இது கண்ணில் பட்டது.

செய்தி வந்த சில நாட்களிலேயே ஊர் மக்கள் நகர மன்றத்தை முற்றுகையிட்டார்கள். மறு ஆண்டு மார்ச்சில் பழைய கவுன்சிலர்களை வாக்குப் போட்டு வெளியேற்றினார்கள். ரிசோவுக்கு 2014இல் 12 ஆண்டு சிறை. மக்கள் விழிப்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா? தெரிந்ததும் தெருவுக்கு வந்தவர்கள் அவர்கள். தெரிவிக்கத்தான் ஆள் இல்லை.

அங்கே பொருளாதார ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட ஊர்களில் உள்ளாட்சி கடன் பத்திரங்களுக்குக் கொடுக்க வேண்டிய வட்டி கூடியிருக்கிறது. கண்காணிப்பு இல்லாத ஊரை நம்பிக் கடன் கொடுப்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். அந்த வட்டியைக் கட்டுவது வரி செலுத்துபவர்.

2025 ஜனவரி 16, வியாழன்

"பெல் கதை சரி, நம் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்" என்று இரண்டு மூன்று பேர்.

நம் ஊரில் நிருபர் உட்கார மன்றமே இல்லாத காலம் இருந்தது. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து ஆண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. தீர்மானம் போடுபவரும் நிறைவேற்றுபவரும் ஒரே அதிகாரி. சென்னை மாநகராட்சி இதைவிட மோசம். மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பதிவேடு) ஊழல் வெடித்து 1973இல் மன்றம் கலைக்கப்பட்ட பிறகு, அடுத்த தேர்தல் 1996இல்தான். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் வளர்ந்தது.

இந்த மாதம் 5ஆம் தேதியோடு, 9 மாவட்டங்கள் நீங்கலாக மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கும் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எத்தனை பேப்பரில் இது முதல் பக்கத்தில் வந்தது? நடிகர் கட்சி மாநாட்டுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். மன்றம் இல்லாததைப் படம் எடுக்க முடியாது, அதனால் அது செய்தியாகவில்லை.

2016க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் என்ன மாறியது என்று சொல்கிறேன். நகராட்சிச் செய்திகள் நிற்கவில்லை, கூடத்தான் செய்தன. ஆனால் எல்லாம் ஆணையாளர் அனுப்பிய செய்திக்குறிப்புகள். "பணிகள் தீவிரம்", "அதிகாரிகள் ஆய்வு". மறுத்துப் பேச மன்றத்தில் ஓர் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கூட இல்லாதபோது, நிருபருக்கும் இரண்டாவது தரப்பு கிடைக்காது. மன்றம் போனால் பத்திரிகையும் பாதி போய்விடுகிறது. இதைப் பற்றி எங்காவது யாராவது விரிவாக எழுத வேண்டும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஒரு வாரமாக மனதில் கிடக்கும் விஷயம். பேப்பர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். முகேஷ் சந்திராகரை நினைத்தால் அந்தப் பிரிவினை நிற்கவில்லை.

சத்தீஸ்கரில் பீஜப்பூர் மாவட்டத்துக்காரர். பஸ்தர் ஜங்ஷன் என்ற யூடியூப் சேனல் நடத்தியவர், தேசியத் தொலைக்காட்சிகளுக்கும் செய்தி கொடுத்தவர். 2021இல் மாவோயிஸ்டுகள் பிடித்து வைத்திருந்த சி.ஆர்.பி.எஃப். வீரரை மீட்டு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. பல கோடி ரூபாய் சாலைப் பணி ஒன்றின் தரம் பற்றிய செய்தி அவர் பங்களிப்போடு வெளிவந்தது, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்த ஜனவரி 1ஆம் தேதி காணாமல் போனார். 3ஆம் தேதி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் இடத்தில், புதிதாக சிமென்ட் பூசி மூடியிருந்த செப்டிக் டேங்கில் உடல் கிடைத்தது. வயது 33தான்.

அவரிடமும் இருந்தது ஒரு கேமராவும் ஒரு சேனலும்தான். ஆனாலும் அவர் நிருபர். ஒரே சாலையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தார், ஆவணம் தேடினார், ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. எனவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: ஒரு விஷயத்தை விடாமல் பின்தொடர்பவர் ஊரில் இருக்கிறாரா, அவருக்கு ஆபத்து வந்தால் பின்னால் நிற்க நிறுவனம் ஏதாவது இருக்கிறதா? காகிதமா திரையா என்பது இரண்டாம் பட்சம்.

ஹரியானாவில் சிர்சா என்ற ஊரில் ராம் சந்தர் சத்ரபதி, பூரா சச் என்ற சின்ன மாலை நாளிதழை நடத்தினார். தேரா சச்சா சௌதா ஆசிரமத்துக்குள் பெண்களுக்கு நடக்கும் கொடுமை பற்றி ஒரு பெண் எழுதிய பெயரில்லாத கடிதத்தை 2002இல் அச்சிட்டார். அக்டோபர் 24 அன்று வீட்டு வாசலில் சுட்டார்கள். நவம்பர் 21 அன்று இறந்தார். அந்தப் பாலியல் வழக்கில் தேரா தலைவர் குர்மீத் ராம் ரஹீம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2017இல். கடிதம் பலர் கையில் இருந்தது. அச்சிட்டது சிர்சாவின் அந்தச் சின்னப் பத்திரிகை.

டெல்லிப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. தாலுகா நிருபருக்கு யார்?

2025 ஜனவரி 20, திங்கள்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் யூடியூபர் எல்லாருமே நிருபரா?" என்று ஒரு கேள்வி. இல்லை. கூப்பிட்டு மறுதரப்பைக் கேட்டவர், ஆதாரம் வைத்திருப்பவர், செய்தி பொய்யென்று தெரிந்தால் அதே இடத்தில் திருத்தம் போடுபவர், அவர் நிருபர். இந்த அளவுகோலில் பல பெரிய சேனல்களும் தேறாது.

2025 ஜனவரி 26, ஞாயிறு

இன்று பணத்தைப் பற்றி. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதற்கெல்லாம் அர்த்தமில்லை.

தாலுகா நிருபர் என்று நீங்கள் அறிந்தவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. வந்த செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. பல ஊர்களில் அவரே பேப்பர் ஏஜென்ட், அவரே தீபாவளி மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் விளம்பரம் பிடிப்பவர். விளம்பரக் கமிஷன்தான் அவருடைய உண்மையான வருமானம். 2011இல் பத்திரிகை ஊழியர்களுக்கான மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை அரசு அறிவித்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இவருடைய வாழ்க்கையில் அது தொட்ட இடம் மிகக் குறைவு. இவரைத்தான் நகராட்சித் தலைவரின் டேபிள் அஜெண்டாவைப் பற்றி எழுதச் சொல்கிறோம். பொங்கலுக்கு அதே தலைவரிடம் கால் பக்க வாழ்த்து விளம்பரம் வாங்கவும் அனுப்புகிறோம்.

நான் டெஸ்க்கில் இருந்தபோது, தனியார் மருத்துவமனை ஒன்றில் நடந்த மரணம் பற்றி ஒரு நிருபர் மிகக் கவனமாக எழுதி அனுப்பினார். குடும்பத்தின் புகார், போலீஸ் பதிவு செய்த வழக்கு, மருத்துவமனையின் மறுப்பு, மூன்றும் இருந்தன. பக்கம் முடிந்து அச்சுக்குப் பிளேட் போகும் நேரத்தில் விளம்பரப் பிரிவிலிருந்து போன் வந்தது. மறுநாள் செய்தி வந்தது, "தனியார் மருத்துவமனை" என்று மட்டும். ஊரில் எல்லாருக்கும் எந்த மருத்துவமனை என்று தெரியும், பேப்பருக்கு மட்டும் தெரியவில்லை. அன்று அந்த ஊர் வாசகர்கள் எங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? இன்று வரை அது என்னை உறுத்துகிறது. நான்காவது தூணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த இரவுதான் ஞாபகம் வரும்.

தேர்தல் நேரத்தில் இது இன்னும் பெரிய வடிவம் எடுக்கிறது. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில் வெவ்வேறு நாளிதழ்களில் ஒரே வாசகத்தோடு வந்த புகழுரைகளைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எடுத்துக் காட்டினார். காசு வாங்கிக்கொண்டு செய்தி போல் அச்சிடுவது குறித்து இந்தியப் பத்திரிகை மன்றம் (பிரஸ் கவுன்சில்) துணைக்குழு அமைத்து விசாரித்தது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், அப்படி வந்த செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011இல் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்தது. வாங்கியவருக்குத் தண்டனை கிடைத்தது, விற்றவர்களுக்குக் கண்டனத்தோடு சரி. பத்திரிகை மன்றத்துக்கு அதற்கு மேல் அதிகாரமும் இல்லை. டிவி அதன் வரம்பிலேயே வராது.

2025 பிப்ரவரி 3, திங்கள்

இன்று அண்ணா நினைவு நாள். அதனால் ஒரு பழைய செய்தி.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றிரவே மிசாவில் கைதுகள் தொடங்கின. யார் யார் கைது என்று எழுதத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அன்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது, மாவட்ட வாரியாக: அண்ணா நினைவிடத்துக்கு மலர் அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள். தணிக்கை அதிகாரிக்கு அதில் வெட்ட எதுவும் இல்லை. படித்தவர்களுக்கு உடனே புரிந்தது.

கட்சிப் பத்திரிகைதான், ஆனால் அந்த வாரத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட தகவலைக் கொடுத்தது அது. நடுநிலைப் பத்திரிகைதான் ஜனநாயகத்துக்கு உதவும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பல குரல்கள் இருப்பது, அவற்றில் ஒன்றாவது அடிபணியாமல் இருப்பது, அதுவும் வேண்டும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

"ஊழலைப் பிடிப்பது மட்டும்தான் பத்திரிகையின் வேலையா?" நல்ல கேள்வி.

1943 வங்கப் பஞ்சம். போர்க்காலத் தணிக்கை இருந்தது. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ் ஓர் ஆங்கிலேயர். ஆகஸ்ட் 22 அன்று தெருவில் செத்துக்கொண்டிருந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டார், தொடர்ந்து அரசைக் கண்டித்து எழுதினார். லண்டனிலும் டெல்லியிலும் அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. அதற்குள் லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள், மொத்தச் சாவு 20 முதல் 30 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகப் பார்த்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்தான் பின்னாளில், தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று வாதாடினார். சுதந்திரப் பத்திரிகை இல்லாத சீனாவில் 1958க்கும் 1961க்கும் இடையில் கோடிக்கணக்கில் இறந்தது அவருடைய எதிர் உதாரணம்.

ஆனால் சென் சொன்னதில் இன்னொரு பாதி உண்டு, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பஞ்சத்தைத் தடுத்த இந்தியப் பத்திரிகைகளால், தினசரி அரைப் பட்டினியை, குழந்தைகளின் சத்துக் குறைவைச் செய்தியாக்க முடியவில்லை. திடீரென்று நடப்பது செய்தி. மெல்ல மெல்ல நடப்பது செய்தியாவதில்லை. ஜனவரி 12இல் சாக்கடை பற்றிச் சொன்னதும் இதுதான். போன் கேமரா இந்தக் குறையைப் பல மடங்கு பெரிதாக்கியிருக்கிறது. உடைவது நொடியில் தெரிகிறது, அரித்துக்கொண்டிருப்பது தெரிவதில்லை.

2025 பிப்ரவரி 17, திங்கள்

விகடன் இணையதளம் சனிக்கிழமை மாலையிலிருந்து பலருக்குத் திறக்கவில்லை. எனக்கும் திறக்கவில்லை. இந்தியர்களைக் கைவிலங்கிட்டு அமெரிக்கா திருப்பி அனுப்பியதைப் பற்றி, ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழில் 10ஆம் தேதி வந்த கார்ட்டூன்தான் காரணம். பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்திருந்தார். முதலில் முடக்கம், அப்புறம்தான் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ்.

கார்ட்டூன் பிடிக்கவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு படத்துக்காக நூற்றாண்டு காணப்போகும் நிறுவனத்தின் மொத்தத் தளத்தையும் மூடலாமா என்பதுதான் கேள்வி. கூடாது. இதில் எனக்கு இரண்டு மனமே இல்லை.

1987இல் இதே விகடனின் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி, சபாநாயகர் பி.எச். பாண்டியன். நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விடுதலை. 2003 நவம்பர் 7 அன்று ஜெயலலிதா ஆட்சியில் தி இந்து ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும், முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்தார்கள், உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2011க்குப் பின் ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் இருநூறுக்கும் மேல். எந்தக் கட்சிக்காரர் இதைப் படித்தாலும் தன் கட்சியின் பெயரை எங்காவது பார்த்துவிடுவார்.

இலங்கையையும் சொல்ல வேண்டும். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த ஆண்டு யுனெஸ்கோ அந்த விழாவை நடத்தியது கொழும்பில். உதயன் நிற்காமல் வெளிவந்தது.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் விட்டது. 1950 மார்ச் 1 அன்று மதராஸ் அரசு, பம்பாயில் அச்சான கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார இதழை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை செய்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தடை ரத்து. இந்தியாவில் பேச்சுரிமைச் சட்டத்தின் முதல் பாடமே நம் மாநிலத்தின் தடையுத்தரவால் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டே அரசியல் சாசனத்தை முதல் முறையாகத் திருத்தி, பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் சேர்த்தார்கள்.

நான் கவனிப்பது இதை: அந்தத் தடை புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகி வந்தது. எண் இருந்தது, தேதி இருந்தது, எந்தச் சட்டப் பிரிவு என்று இருந்தது. எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. இன்று ஒரு தளம் திறக்கவில்லை என்றால், நம் இணைய இணைப்பு கோளாறா அரசின் உத்தரவா என்றே வாசகருக்குத் தெரியாது. முடக்கும் நடவடிக்கைகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2009 முடக்க விதிகளே சொல்கின்றன. தடையைவிட அந்த ரகசியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2025 மார்ச் 1, சனி

டிவி விவாதங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார்கள். எட்டு மணிக்கு நான்கு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவது மலிவு. ஒரு நிருபரை மூன்று மாதம் ஒரே விஷயத்தில் விடுவது செலவு. இவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

2025 மார்ச் 7, வெள்ளி

சென்னை உயர் நீதிமன்றம் நேற்று இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்தால் விகடன் தளத்தின் முடக்கத்தை நீக்க வேண்டும். தளம் வரப்போகிறது என்பதில் நிம்மதி. படத்தை எடுத்தால்தான் வரும் என்பதில் வருத்தம். வழக்கு இன்னும் இருக்கிறது.

தளத்தை முடக்குவது எல்லார் கண்ணுக்கும் தெரியும், எதிர்ப்பும் வரும். விளம்பரத்தை நிறுத்துவது யாருக்கும் தெரியாது. 2019இல் காஷ்மீரில் கிரேட்டர் காஷ்மீர், காஷ்மீர் ரீடர் இரண்டுக்கும் அரசு விளம்பரங்களை நிறுத்தியபோது, மார்ச் 10 அன்று அங்கே நாளிதழ்கள் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வந்தன. வேறு எத்தனை ஊர்களில் இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிறது? எனவே என் கோரிக்கை ஒன்றே. மாநில அரசும் மத்திய அரசும் எந்தப் பத்திரிகைக்கு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு விளம்பரப் பணம் கொடுத்தன என்பதை ஆண்டுதோறும், பெயரோடும் தொகையோடும் வெளியிட வேண்டும். தனி அலுவலர் ஆட்சியில் இருக்கும் உள்ளாட்சிகள் உட்பட. எந்தக் கட்சி இதைத் தேர்தல் அறிக்கையில் போட்டாலும் நான் பாராட்டி எழுதுவேன்.

2025 மார்ச் 9, ஞாயிறு

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். தன் ஊர் சாக்கடையின் கணக்கைப் பார்க்க என்ன கேட்க வேண்டும் என்கிறார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வேலையின் பெயரையும் தெருவின் பெயரையும் சரியாக எழுதுங்கள். மதிப்பீடு, டெண்டரில் கலந்துகொண்டவர்கள் பட்டியல், பணி ஆணை, மன்றத் தீர்மானத்தின் நகல், டேபிள் அஜெண்டா இருந்தால் அதுவும். எல்லாவற்றையும்விட எம் புக் நகலைக் கேளுங்கள். பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம் அது. எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், எந்தத் தேதியில் அளந்தார் என்று அதில் இருக்கும். வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. பதில் வந்ததும் உங்கள் ஊர் நிருபரிடம் ஒரு நகல் கொடுங்கள், அளவு நாடாவோடு அவரையும் கூட்டிக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.